தங்கரத்தினம் புதைத்ததும் எரித்ததும்

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் இடியப்பம் என்றால் தங்கரத்தினம்தான். விடிவதற்குள் பிழிந்து அவித்து, ஓலைப்பெட்டியில் அடுக்கி, இறங்குதுறைக்கு முன்னால் இருந்த ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மூதூருக்கு லோஞ்ச் படகு ஏறப் போகிற சனம் அங்கேதான் காலைச் சாப்பாடு சாப்பிடும். நல்ல உயரம், எலும்பான உடம்பு. கதைப்பது குறைவு, பார்ப்பது அதிகம். கடையில் யார் யாரோடு வந்து குந்துகிறார்கள், யாரைக் கண்டதும் யார் எழுந்து போகிறார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்டதை வெளியில் சொல்ல மாட்டாள். சண்டைக் காலத்தில் அந்தக் குணம் பெரிய சொத்து என்று அவளுடைய தமையன் அருளம்பலம் சொல்வார். அவர் ஒரு கந்தோரில் கிளாக்கர். தகப்பன் போன பிறகு தங்கைக்கு எல்லாம் அவர்தான்.

தங்கரத்தினத்தின் புருசன் வேலாப்போடி மூதூர் லோஞ்சில் கயிறு கட்டுகிற வேலை செய்தார். பிறந்த ஊர் தெற்கே, வெருகலுக்குக் கிட்ட ஒரு கடலோரக் குடியிருப்பு. இளவயதில் வேலை தேடி வந்து, தங்கரத்தினத்தைக் கண்டு, கட்டி, நகரத்திலேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு விசயத்தில் மட்டும் வேலாப்போடி கடைசி வரை நகரத்து ஆள் ஆகவில்லை. தங்கரத்தினத்தின் தகப்பனைச் சுடலையில் எரித்தபோது அவர் கிட்ட வராமல் மதிலோரமாகவே நின்றார். "எங்கட ஆக்களை நெருப்பில வைக்கிறேல்ல" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவருடைய ஊரில் செத்தவர்களைக் கடற்கரை மேட்டில் புதைத்து, சுற்றிவரக் கடலில் எடுத்த முருகைக்கல் அடுக்குவார்கள். அவருடைய தாயும் அங்கேதான் கிடந்தாள். "எனக்கும் ஆத்தாக்குப் பக்கத்தில இடம் இருக்கு" என்பார். தங்கரத்தினம் சிரிப்பாள். பாதை பூட்டிக் கிடக்கிறது, உயிரோடு போகவே ஏலாத ஊருக்குப் பிணத்தை யார் கொண்டுபோவது என்று கேட்பாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் வேலாப்போடியின் தம்பி குஞ்சித்தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த இடத்திலிருந்து ஆமிக்காரர் இருக்கிற இடத்துக்கு ஒருவன் வருவதென்றால் சும்மா இல்லை. பாஸ் வேண்டும், பதிவு வேண்டும். வேலாப்போடி அவனைப் பொலிசுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டு வந்தார். காய்ச்சலுக்கு மருந்து எடுக்க வந்ததாகச் சொல்லியிருந்தான். ஆனால் அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போனதை அவள் காணவில்லை.

அண்ணனும் தம்பியும் கிணற்றடியில் குந்தியிருந்து குசுகுசுவென்று கதைத்தார்கள். அவள் குடத்தோடு போனால் கதை நிற்கும். "என்ன, ஊர்ப் புதினமா?" என்று ஒருதரம் கேட்டாள். "ஒண்டுமில்ல, மதினி" என்றான் குஞ்சித்தம்பி. வேலாப்போடி எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தங்கரத்தினத்துக்கு ஒரே பயம்தான். லோஞ்சில் வேலை செய்கிறவனை வைத்துச் சாமான் கடத்துவது அப்போது நடக்காத காரியமில்லை. பிடிபட்டால் ஆள் திரும்பி வராது. குஞ்சித்தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து அவனுடைய பையைத் திறந்தாள். சாரம், சேட், கொஞ்சம் கருவாடு. அடியில் ஒரு பழைய துணிப்பொட்டலம். இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். உள்ளே கட்டை கட்டையாக, கனமில்லாமல், ஒன்றோடொன்று உரசுகிற சாமான். முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தபோது கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றது. பையை மூடிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் வேலாப்போடி வேலைக்குப் போனார். குஞ்சித்தம்பியும் "சந்தி மட்டும்" என்று கூடப் போனான். வெயில் ஏற முன்பே அவன் தனியாகத் திரும்பி வந்து முற்றத்தில் இருந்தான். முகம் செத்துப்போய் இருந்தது. கொஞ்ச நேரத்தில் லோஞ்ச் ஓட்டுகிற வின்சன்ட் சைக்கிளில் வந்து, இறங்காமலே சொன்னான்.

"பிள்ளை, வேலாப்போடியர் படியில சறுக்கி விழுந்திட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கு. கெதியா வா."

அவள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. பின்தலையில் காயம். உடம்பு நனைந்து கிடந்தது. இறங்குதுறையின் பழைய கல்படிகளுக்குக் கீழே தண்ணீரில் கிடந்தவரைத் தூக்கினார்கள் என்றார்கள். விழுந்ததை யாரும் காணவில்லையாம். காலை நேரத்தில் அந்த இறங்குதுறையில் சனம் நெரிபடும். ஒருவரும் காணவில்லை என்றால் எப்படி என்று தங்கரத்தினம் வின்சன்ட்டின் முகத்தைப் பார்த்தாள். வின்சன்ட் நிலத்தைப் பார்த்தான்.

மரண விசாரணை அதிகாரி அடுத்த நாள்தான் வருவார் என்று சொல்லி, உடலை வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சனம் கூடிவிட்டது. அருளம்பலம் பந்தல் போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது குஞ்சித்தம்பி அவரிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"விறகுக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்கே எரிச்சிடலாம்."

அருளம்பலத்துக்கு அதில் பிழையாக ஒன்றும் படவில்லை. அவருடைய குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். "நல்லது, தம்பி. கொள்ளி வைக்கிறதும் நீர்தானே" என்றார். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்த தங்கரத்தினத்தின் காதில் இது விழுந்தது. அழுகை அந்த இடத்திலேயே நின்றது. எரிக்கிறதா? அவர்களுடைய ஆட்களை நெருப்பில் வைப்பதில்லையே. தன் தகப்பனுடைய சிதைக்குக் கிட்டக்கூட வராத மனுசனை, அவருடைய கூடப்பிறந்தவனே எரிக்க நிற்கிறான். உடல் இன்னும் ஆஸ்பத்திரியில். அதற்குள் விறகு. ஏன் இந்த அவசரம்?

மறுநாள் விடியவே ஹிஸ்புல்லா வந்தார். துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர் போல எழுந்து, வேலியோரமாக அவளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் சொன்னதெண்டு வெளியில போகப்படாது. நேற்றுக் காலையில அண்ணனும் தம்பியும் என்ர கடையில தேத்தண்ணி குடிச்சாங்க. ரெண்டு பேருக்கும் ஏதோ வாக்குவாதம். உன்ர மாப்பிள்ளை சத்தம் போட்டவர். அவர் அப்பிடிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. பிறகு ரெண்டு பேரும் படிப் பக்கமாத்தான் போனாங்க."

"ஹிஸ்புல்லா நானா, தம்பி சந்தியோட திரும்பிட்டன் எண்டவர்."

ஹிஸ்புல்லா தாடியைத் தடவினார். "நான் கண்டதைச் சொன்னன்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அவளுக்கு அவர் மேலும் ஒரு யோசனை வந்தது. இத்தனை வருசமாக இடியப்பம் கொடுத்திருக்கிறாள். ஒருநாளும் வீட்டுக்கு வராதவர் இன்றைக்கு ஏன் வந்தார்? யாராவது கேட்டால் தன் கடைக்குக் கரைச்சல் வராமல் இருக்க முந்திக்கொள்கிறாரா? யாரை நம்புவது, யாரை விடுவது என்று தெரியவில்லை. ஆனால் குஞ்சித்தம்பி பொய் சொல்லியிருக்கிறான். அது உறுதி.

குசினிக்குள் அவனைக் கூப்பிட்டாள். அடுப்பு அணைந்து கிடந்தது. அவன் வாசலிலேயே நின்றான்.

"தம்பி, நேற்று நீங்கள் இறங்குதுறைக்குப் போனனீங்களா?"

"இல்ல, மதினி."

"ஹிஸ்... ஆக்கள் கண்டதெண்டு கதைக்கினம்."

"பிழையாக் கண்டிருப்பினம்."

"ஏன் எரிக்கோணும்? உங்கட ஊரில புதைக்கிறதுதானே?"

"அண்ணன் சொன்னவர். தன்னை எரிக்கச் சொல்லி."

"எப்ப?"

"கிட்டடியில."

"எனக்குச் சொல்லேல்லையே."

"உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்."

"ஏன்?"

அவனுடைய கண் விறாந்தைப் பக்கம் போனது. அங்கே அருளம்பலம் யாரோ இரண்டு பேரோடு கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் பொலிசோடு பழக்கமுள்ளவர் என்று ஊரில் கதை. குஞ்சித்தம்பி திரும்பிப் போய்விட்டான். பையை அவள் பிறகு ஒருதரம் தடவிப் பார்த்தாள். அந்தப் பொட்டலம் இல்லை.

விசாரணை ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில் நடந்தது. மரண விசாரணை அதிகாரி வயதானவர், தமிழர். வைத்தியர் தலைக்காயமும் நுரையீரலில் தண்ணீரும் என்று சொல்லியிருந்தார். விழுந்து பட்டதாகவும் இருக்கலாம், அடித்து விழுத்தியதாகவும் இருக்கலாம். அதை வைத்தியரால் சொல்ல ஏலாது.

"அம்மா, உங்களுக்கு ஆரிலயாவது சந்தேகம் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. சந்தேகம் எண்டா உடலைப் புதைக்கத்தான் விடுவன். பிறகு தோண்டிப் பாக்க வேண்டி வரும். பொலிஸ் ஆக்களை விசாரிக்கும். சந்தேகம் இல்லையெண்டா எரிக்கிறதும் புதைக்கிறதும் உங்கட விருப்பம்."

அறைக்கு வெளியே குஞ்சித்தம்பி சுவரோடு சாய்ந்து நிற்பது கதவிடுக்கால் தெரிந்தது. அவன் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன். அவனுடைய பெயரை அவள் சொன்னால் விசாரணை என்று கூட்டிப்போவார்கள். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் உண்மையில் குற்றவாளி என்றால்? இல்லையென்றால்? சொல்லாமல் எரித்துவிட்டால் அதோடு எல்லாம் போய்விடும். கொள்ளி வைக்கிற கையும் அவனுடையதாகவே இருக்கும்.

அருளம்பலம் பின்னால் நின்று மெதுவாகச் செருமினார். வேண்டாம் என்று அர்த்தம்.

"சந்தேகம் ஒண்டுமில்லை, ஐயா" என்றாள் தங்கரத்தினம். "ஆனா புதைக்கப் போறம்."

"அவ்வளவு விறகு எடுப்பிச்சுப்போட்டு..." என்று அருளம்பலம் தொடங்கினார்.

"அவற்ர ஊரில புதைக்கிறதுதான் வழக்கம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "வழக்கத்துக்காகத்தானே?"

"ஓம், ஐயா. வழக்கத்துக்காகத்தான்."

அவருக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.

நகரத்து மயானத்தில் ஒரு பக்கம் எரிப்பார்கள், ஒரு பக்கம் புதைப்பார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தங்கரத்தினம் போனாள். அருளம்பலம் தடுத்துப் பார்த்துக் களைத்துப்போனார். குழிக்கரையில் நின்று குஞ்சித்தம்பி முதற்பிடி மண்ணை அள்ளிப் போட்டதை அவள் பார்த்தாள். போட்டுவிட்டு அவன் குழிக்குள் பார்த்தபடியே நின்றான். வெட்டியான் விலகச் சொல்லியும் விலகவில்லை. அவன் முகத்தில் துக்கத்தைவிட வேறு ஏதோ இருந்தது. பயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். குற்றம் செய்தவனுடைய பயம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று மாலை குஞ்சித்தம்பி பையைக் கட்டினான். அருளம்பலமும் மற்ற ஆட்களும் போயிருந்தார்கள். அவன் குசினி வாசலில் வந்து குந்தினான்.

"மதினி, இப்ப சொல்லுறன். கேட்டுப்போட்டு மறந்திடுங்க. எங்கட ஊரில கடற்கரை மேட்டுச் சவக்காலையை வெட்டிப்போட்டாங்கள். அந்த மேட்டில முகாம் போட்டு, பங்கர் அடிச்சு, அந்த மண்ணை அள்ளிச் சாக்கில கட்டி அடுக்கினவங்கள். ஆத்தான்ர எலும்பு வெளியில கிடந்தது. நான் ஒருநாள் கெஞ்சிக் கேட்டு, பொறுக்கிக்கொண்டு வந்தனான். அண்ணனிட்ட குடுக்கத்தான் வந்தது."

தங்கரத்தினம் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இங்க ஒரு மூலையில மண்ணுக்குள்ள தாட்டுப்போடுவம் எண்டன். அண்ணன் ஏலாதெண்டார். இனி மண்ணை நம்ப ஏலாது, கடலில விடப்போறன் எண்டார். தன்னையும் எரிச்சுக் கடலிலதான் விடோணும் எண்டு கத்தினவர். அதுதான் தேத்தண்ணிக் கடையில நடந்தது. மனுச எலும்பைக் கட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போறதெண்டா ஆர் பொறுப்பு? அண்டைக்கு நான் அங்க நிண்டனான் எண்டு சொன்னா, ஏன் நிண்டாய் எண்டு கேப்பாங்கள். என்னத்தைச் சொல்லுறது?"

"முகாமெண்டா, ஆர்ர முகாம்?"

"அதைக் கேக்காதீங்க."

"அவர் விழேக்க நீங்கள் நிண்டனீங்களா?"

"இல்ல. ரெண்டு பேரும் போனா ஆமி நிப்பாட்டும் எண்டு சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிப்போட்டார். ஆத்தாவை விட்டுப்போட்டு வாறன் எண்டவர்."

தங்கரத்தினம் அவனை நெடுநேரம் பார்த்தாள். கதை அழகாகப் பொருந்தியது. பொட்டலம், வாக்குவாதம், பொய், எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. யோசித்துக் கட்ட எட்டு நாள் இருந்ததே. போய்ப் பார்க்கலாம் என்றால் பாதை இல்லை.

"இதை ஏன் முதலே சொல்லேல்ல?"

"சொல்ல விட்டனீங்களா, மதினி? வீடு முழுக்க ஆக்கள்."

"சரி. போயிற்று வாங்க" என்றாள்.

அவன் எழுந்தான். "நீங்கள் நம்பேல்ல" என்றான். அவள் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அவளுடைய சீவியம் மாறிப்போனது. வெளியில் பார்த்தால் அதே இடியப்பம், அதே ஓலைப்பெட்டி. ஆனால் ஹிஸ்புல்லாவின் கடையில் யாராவது தாழ்ந்த குரலில் கதைத்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் மயானத்துக்குப் போய்ப் புருசனுடைய குழியைச் சுற்றிப் பார்ப்பாள். பூ வைக்கப் போகிறாள் என்று சனம் நினைத்தது. மண் கிளறப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள்.

அடுத்த வருசம் லோஞ்ச் ஓட்டி வின்சன்ட் மன்னாருக்குக் குடிபெயர இருந்தான். போவதற்கு முன் பெண்சாதி திரேசம்மாவோடு வந்து கும்பிட்டான்.

"பிள்ளை, எனக்கு நெஞ்சில ஒரு பாரம். வேலாப்போடியர் விழுந்ததை நான் கண்டனான்."

தங்கரத்தினம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவர் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து, கீழ்ப்படியில இறங்கி, அவிழ்த்துக் கடலில விட்டவர். கனநேரம் குந்தியிருந்தவர். எழும்பேக்க நெஞ்சைப் பிடிச்சவர். அப்பிடியே பின்பக்கமா விழுந்து, தலை கல்லில அடிபட்டுது. கிட்ட ஒருத்தரும் இல்லை."

"தம்பிக்காரன்?"

"அவன் அதுக்கு முதலே போயிற்றான்."

"ஏன் அப்ப சொல்லேல்ல?"

வின்சன்ட் திரேசம்மாவைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள். "அந்தப் பொட்டலத்தில என்ன இருந்ததெண்டு இவருக்குத் தெரியாது, அக்கா. கண்டன் எண்டு சொன்னா பொட்டலத்தையும் சொல்லோணும். எங்களுக்கு மூண்டு பொம்பிளப் பிள்ளையள். நான்தான் வாயைத் திறக்க வேண்டாமெண்டனான்."

அவர்கள் போன பிறகு தங்கரத்தினம் யோசித்தாள். இப்போது ஏன் சொல்கிறான்? குஞ்சித்தம்பி யாரையாவது பிடித்துச் சொல்லுவித்தானா? அப்படியே பார்த்தாலும், கடலில் விட்டது எலும்புதான் என்று யார் கண்டது? அவளுடைய விரல்களுக்கு அந்தப் பொட்டலம் ஞாபகம் இருந்தது. கட்டை கட்டையாக, கனமில்லாமல். எலும்பாகவும் இருக்கலாம். என்னவாகவும் இருக்கலாம்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். பாதைகள் திறந்தன. யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள், கண்டிக்குப் போகிறவர்கள் என்று சனம் ஊர் ஊராகத் திரிந்தது. தங்கரத்தினம் ஒருவருக்கும் சொல்லாமல் மூதூர் லோஞ்சில் ஏறினாள். மூதூரிலிருந்து பஸ். கிளிவெட்டி தாண்டி, கேட்டுக் கேட்டு, மிச்சத் தூரம் ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் போனாள்.

குஞ்சித்தம்பி களப்புக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தான். முடி நரைத்துவிட்டது. அவளைக் கண்டதும் முதலில் அவள் பின்னால் பார்த்தான். யாரும் கூட வந்திருக்கிறார்களா என்று. பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"ஆர் அனுப்பினது, மதினி?"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுட்டது. ஆனால் அது அவளுக்கு வரவேண்டிய கேள்விதான்.

"ஒருத்தரும் அனுப்பேல்ல. சவக்காலையைப் பாக்க வந்தனான்."

அவன் வலையைப் போட்டுவிட்டு முன்னால் நடந்தான். கடற்கரை மேட்டுக்கு வந்து கையை நீட்டினான்.

முகாம் எடுபட்டுப் போயிருந்தது. மேடு என்று சொல்ல அங்கே மேடு இல்லை. நீளமான பள்ளங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. காற்று மண் அள்ளிப் பாதி மூடியிருந்தது. பள்ளத்து ஓரங்களில் உக்கிப்போன சாக்குகள் வெடித்துக் கிடந்தன. முருகைக்கற்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கி ஒரு பங்கருக்குச் சுவர் கட்டியிருந்தார்கள். இந்தக் கரையில் முருகைக்கல்லை ஒருவரும் சும்மா கொண்டுவந்து போடுவதில்லை. சுவரில் எத்தனை கல் இருந்ததோ, அத்தனை ஆட்களுடைய கல். ஒரு சாக்கின் கிழிசலில் மண்ணோடு மண்ணாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.

"ஆர் வெட்டினது?" என்று கேட்டாள். இப்போது சந்தேகத்தால் கேட்கவில்லை.

"முதல் ஒரு பகுதி வந்து வெட்டினவங்கள். அவங்கள் விட்டுப் போக, மற்றப் பகுதி வந்து ஆழமாக்கினவங்கள்." அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்ணனைக் குழிக்குள்ள இறக்கேக்க எனக்கு இந்தச் சாக்குத்தான் கண்ணுக்குள்ள நிண்டது. நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். என்ன நினைச்சனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"நான் உங்களை நம்பேல்ல, தம்பி."

"ஓம்."

"உங்கட பேரைச் சொல்லவும் இருந்தனான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது."

"சொல்லேல்லத்தானே" என்றான் அவன். கோபமாகச் சொன்னானா, ஆறுதலாகச் சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை. அன்று பின்னேரம் அவன் பெண்சாதி மீன் ஆணம் வைத்துச் சோறு போட்டாள். தங்கரத்தினம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னாள்.

"அவரைக் கிண்டி எடுத்து எரிக்கப் போறன். கொள்ளி வைக்க வருவீங்களா?"

அது சொன்னதுபோல லேசாக நடக்கவில்லை. கந்தோருக்கும் பொலிசுக்கும் அலைந்தாள். மயானத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புதைச்சுக் கிடக்கிறதை இப்ப என்னத்துக்கு எரிக்கப் போறீங்க? ஆராவது தோண்டிப் பாப்பினம் எண்டு பயமா?" என்று கேட்டார். அவள் கோபப்படவில்லை. திரும்பத் திரும்பப் போனாள். அருளம்பலம் ஓய்வு பெற்றிருந்தார். தங்கைக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தாலும், பழைய சிநேகிதர்களைப் பிடித்து அனுமதி எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

வெட்டியான் கிண்டினான். அவள் கிட்ட நின்றாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, ஒரு மண்ணும் கிளறப்பட்டிருக்கவில்லை. பின்தலை ஓட்டில் ஒரு வெடிப்பு இருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்க்க நினைத்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். சிறிய சிதைதான் தேவைப்பட்டது. குஞ்சித்தம்பி மொட்டை அடித்து, ஈரச் சாரத்தோடு வந்து கொள்ளி வைத்தான். பாலை விறகு நின்று எரிந்தது.

மறுநாள் காலை சாம்பலை ஒரு மண்முட்டியில் எடுத்து, வாயில் துணி கட்டி, இரண்டு பேரும் இறங்குதுறைக்குப் போனார்கள். சமாதானக் காலமென்றாலும் சென்றிக் காவல் எடுக்கப்படவில்லை. காவலுக்கு நின்றவன் மீசை அரும்பாத பெடியன். முட்டியைக் காட்டி "மே மொகத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான் என்பது குஞ்சித்தம்பிக்கு விளங்கியது. அவனுடைய கை முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதைக் கண்டதும் பெடியனின் முகம் மாறியது. துவக்கைத் தோளிலிருந்து இறக்கி, துணியை அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினான். அவிழ்த்தார்கள். எட்டிப் பார்த்தான். அடியில் என்ன என்று விரலைச் சுழற்றிக் கேட்டான்.

தங்கரத்தினம் முட்டியை வாங்கித் தன் இடுப்பில் வைத்தாள். வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அடி வரை கிண்டி, ஒரு பிடி அள்ளி, அவனுடைய கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"என்ர புருசன்" என்றாள்.

அவனுக்குத் தமிழ் தெரிந்ததோ என்னவோ. ஒரு அடி பின்னால் நகர்ந்து வழி விட்டான். அவள் அந்தப் பிடியை மறுபடி முட்டிக்குள் போட்டாள். கையைத் துடைக்கவில்லை. குஞ்சித்தம்பி முன்னால் இறங்கி, பாசி பிடித்த படிகளில் கால் வைக்க இடம் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.